கட்டிலுக்குச் சோறு

பல்லடத்துக்குத் தெற்கே எங்கள் ஊரில் வந்து பாவாத்தாள் வீடு எது என்று கேட்டால் யோசிப்பார்கள். கட்டிலுக்குச் சோறு வைக்கிறவள் வீடு என்றால் உடனே காட்டுவார்கள். ஊர் வாய் சும்மா இருக்குமா?

அவளுக்கு ஒரே மகள், பொன்னாத்தாள். அந்தப் பெண்ணுக்குப் பொன்வண்டு என்றால் உயிர். பச்சையும் பொன்னுமாக மினுங்கும் வண்டைத் தீப்பெட்டிக்குள் விட்டு, அம்மாவின் காதருகே பிடிப்பாள். உள்ளே கர்கரென்று சுரண்டும். "பசிக்குதாம்மா அதுக்கு" என்பாள். துளி கம்மஞ்சோறு வைத்தால்தான் விடுவாள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்து நாலாம் வருஷம் காய்ச்சலில் போய்விட்டாள். மேய்ச்சல் காட்டு வெள்வேல மரத்தடியில் புதைத்தார்கள். பாவாத்தாள் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை.

பிள்ளையைப் புதைத்த இடத்து மரத்தில் கோடாலி படக்கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். மறுவருஷம் மரம் பட்டுப்போயிற்று. அவள் புருஷன் செங்கோடன் மகா சிக்கனம். பட்ட மரத்துக்கு என்ன வழக்கம் என்று வெட்டி, கட்டிலுக்குக் கால் செய்துவிட்டான்.

அந்தக் கட்டிலில் படுத்த முதல் மத்தியானமே தலைமாட்டுக் காலுக்குள் கர்கரென்றது. செங்கோடனுக்கு வியர்த்துவிட்டது. பாவாத்தாள் எழுந்துபோய் ஒரு பிடி சோறு கொண்டுவந்து அந்தக் கட்டில் காலடியில் வைத்தாள். தினமும் வைத்தாள்.

"இதக் கொளுத்திப்போடறேன் புள்ள. எனக்குப் பயமா இருக்குது."

"வேண்டாமுங்க. மறுக்கா ஒருதரம் அவளக் கொண்டுபோயிராதீங்க."

அவன் கட்டிலைத் தொடவே இல்லை, பாவம்.

முப்பத்தேழில் கோடை மழை பெய்த மறுநாள், அந்தக் காலில் ஒரு ஓட்டை விழுந்தது. அதிலிருந்து மீசை ஆடியது, பிறகு பச்சைத் தலை. பொன்வண்டு ஒன்று கட்டில் கயிற்றில் ஊர்ந்து, வாசல் வெயிலுக்குப் பறந்தது. பின்னாலேயே இன்னும் சில. மரத்தை அரித்த புழுதான் வண்டாகிறது என்றார் கட்டில்கால் கடைந்த ஆசாரி. சரிதான், சத்தமும் நின்றுவிட்டது.

பாவாத்தாள் ஓட்டையில் காது வைத்துப் பார்த்தாள். ஒன்றுமில்லை. மகள் செத்தபோது அழாதவள் அன்றைக்கு அழுதாள். பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் கட்டிலிலேயே விழுந்தாள். பிழைக்க மாட்டாள் என்றுதான் நினைத்தோம்.

செங்கோடனுக்குப் பொறுக்கவில்லை. மூன்றாம் நாள் மத்தியானம் கட்டிலுக்கு அடியில் படுத்து, அந்தக் காலை நகத்தால் சுரண்டினான். மேலே கயிறு அசைந்தது.

"பசிக்குதா கண்ணு?" என்றாள் பாவாத்தாள்.

அவன் சுரண்டுவதை நிறுத்தினான். கையை எடுத்துக்கொண்டான்.

சத்தம் நிற்கவில்லை.

அவன் அந்தக் காலில் காது வைத்துக் கேட்டான். பிறகு எழுந்து அடுப்படிக்குப் போய், சட்டியிலிருந்து ஒரு பிடி சோறு எடுத்துவந்தான். அன்றிலிருந்து சோறு வைப்பது அவன்தான். பெயர் மட்டும் அவளுக்கு.