முருகன் படத்துக்குப் பின்னால் இருந்த தாள்கள்

என் மனைவி விமலராணி பதினெட்டு வருடமாகப் இத்தாலியின் பலேர்மோவில், லிபெர்த்தாத் தெருப் பக்கத்துப் பணக்கார வீடுகளில் துடைத்து, தோய்த்து, கிழவிகளைக் குளிப்பாட்டி உழைக்கிறாள். பூட்டிய கதவை இன்னொரு தரம் இழுத்துப் பார்க்கிற ஆள்.

இங்கே வங்கி, வைத்தியர், வரி எல்லாவற்றுக்கும் பாஸ்வேர்ட். அவள் எழுதி வைத்த கொப்பி ஈரத்தில் நாறிப்போனதும், எல்லாவற்றையும் ஒன்றாகப் பூட்டி வைக்கும் செயலி எடுப்போம் என்று மகள் சிவானுஜா மூன்றைக் காட்டினாள். ஒன்று மாதம் மாதம் காசு கேட்டது. மற்றது, போன் போனால் அதோடு போச்சு. மூன்றாவதற்கு ஒரு தலைமைப் பாஸ்வேர்ட். அது மறந்தால் திறக்க, அச்சடித்து வைக்கும் மீட்புத் தாள். தாள் என்றதும் விமலராணி அதையே எடுத்தாள். இரண்டு பிரதி அடித்து ஒன்றை வேறு வீட்டில் வைக்கச் சொன்னாள் மகள். இவள் கேட்டாளா? இரண்டையும் முருகன் படச் சட்டத்துக்குள், படத்துக்குப் பின்னால் செருகினாள். கள்ளன்கூடச் சாமியில் கை வைக்கமாட்டானாம்.

எனக்கும் சொல்லவில்லை. தீபாவளிக்கு வீடு துப்புரவாக்கியபோது அந்தப் படம் விளக்குப் புகையில் முகம் தெரியாமல் கிடந்தது. சாமிப் படத்தைக் குப்பையில் போடலாமா? பின்னால் இருந்த தாள்களைப் படம் ஆடாமல் செருகிய வெறும் தாள் என்று நினைத்து, படத்தோடு சேர்த்துச் சுருட்டிக் கடலில் விட்டுக் கும்பிட்டு வந்தேன். அதே சட்டத்தில் புதுப் படம் போட்டேன். பழைய படத்தையும் தாள்களையும் எடுக்காமல் அதன் மேலேயே புதுசை வைத்திருப்பேன் என்று அவள் நினைத்திருக்கிறாள்.

மாசியில் அவளுடைய போன் துடைக்கிற வாளிக்குள் விழுந்து செத்தது. விரலை வைத்தே திறந்து பழகியவளிடம் புதுப் போன் தலைமைப் பாஸ்வேர்டைக் கேட்டது. ஓர் எழுத்துக்கூட ஞாபகமில்லை. அதே கிழமை மகளின் மின்னஞ்சலுக்கு அறிவித்தல் வந்தது: விமலராணியின் குடியுரிமை விண்ணப்பத்தில் ஒரு பத்திரம் குறைகிறது, முப்பது நாளுக்குள் இணையத்தில் ஏற்றாவிட்டால் தள்ளுபடி. மூன்று வருடமாகக் காத்திருந்த விண்ணப்பம். அந்தத் தளத்துக்குள் போகும் டிஜிட்டல் அடையாளத்தின் பாஸ்வேர்டும் பூட்டிய செயலிக்குள்தான்.

படச் சட்டத்தைக் கழற்றினாள். நான் செய்ததைச் சொன்னேன். கத்துவாள் என்று பார்த்தேன். அப்படியே நிலத்தில் இருந்துவிட்டாள்.

பிறகு, டிஜிட்டல் அடையாளத்தை நேரில் மீட்கத் தபால் கந்தோருக்கு மூன்று கிழமை அலைந்தோம். முதல் தரம் வரிசை இலக்கம் முடிந்துவிட்டது. இரண்டாம் தரம் வரி அட்டையை நான் வீட்டில் விட்டுவிட்டேன், என் மண்டையை என்ன சொல்ல. மூன்றாம் தரம் சரிவந்தது. தவணைக்கு நாலு நாள் இருக்கப் பத்திரத்தை ஏற்றினோம். சந்தோசப்படவும் உடம்பில் சத்தில்லை.

அன்று பின்னேரம் மகள் செயலியைப் புதிதாகத் தொடங்கிப் புதுத் தாள் இரண்டு அடித்து, ஒன்றைக் கட்டாயம் வெளியில் கொடுக்கச் சொன்னாள். நான் பெயர்களைச் சொன்னேன், ஒன்றும் சரிவரவில்லை. எங்கள் ஊர்க்காரி யோசப்பினிடம் கொடுத்தால் தமிழ்ச் சனம் இருக்கிற அல்பெர்கேரியா முழுக்கத் தெரிந்துவிடும். விமலராணி பார்க்கிற வீட்டுச் சிஞ்ஞோராவுக்குத் தொண்ணூறு வயது. அவ கண்ணை மூடினால் பிள்ளைகள் எல்லாவற்றையும் வாரிக் கொட்டிவிடுவார்கள். என் தமையன் எங்களோடு கதைத்தே இரண்டு வருடம்.

விமலராணி தாளை மடித்தாள்.

"இஞ்சேருங்கோ, நாலு வீட்டுக் கதவுத் திறப்பு என்ரை கையிலை தந்திருக்கினம். இந்த ஒரு பேப்பரைக் குடுத்து வைக்க எனக்கு இஞ்சை ஒரு வீடு இல்லை."

தாள் இன்னும் அவளுடைய கைப்பைக்குள்தான் கிடக்கிறது.