அமீனா கேட்ட பேரும் நான் சொன்ன பேரும்

எனக்கு எழுத வராது. நாலாம் வகுப்போடு நின்றவள். முன்னே பின்னே எழுதியிருப்பேன், பல விஷயம் மறந்தும் போச்சு. பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனாலும் என் தாய் எனக்குச் செய்ததை நம் கோவில் மலரில் சொல்லாவிட்டால் மனசு ஆறாது.

அறுபத்து மூன்றோ நாலோ, நல்ல மழைக்காலம். தாராவியில் ஒற்றை அறையில் இருந்தோம். என் வீட்டுக்காரர் நெஞ்சு நோய் முற்றி ஆஸ்பத்திரியில் கிடந்தார். அவருடைய தையல் மிஷினில் நான் பாவாடை தைத்துப் பிள்ளைகளுக்குக் கஞ்சி ஊற்றினேன். ஒருநாள் கோர்ட்டு அமீனா வாசலில் வந்து நின்றான்.

"இசக்கி மாடசாமி கா கர் ஹை?"

இந்தப் பேர்க்காரர் வீடா என்று இந்தியில் கேட்டான். வீட்டுக்காரர் பேரும் மாமனார் பேரும் அதில் இருந்தன. இரண்டும் அன்று வரை நான் வாயால் சொல்லாத பேர்கள். தலையை மட்டும் ஆட்டினேன். தோல் கடை சேட்டுக்குக் கடன் பாக்கி, கோர்ட்டில் தீர்ப்பாகிவிட்டது, கட்டாவிட்டால் மிஷின் ஜப்தி என்று சொல்லிவிட்டுப் போனான்.

தோல் கடைக்கும் எங்களுக்கும் என்ன சம்பந்தம்? வீட்டுக்காரரிடம் கேட்கவும் வழியில்லை. மனசு கலங்கும்படி எதுவும் சொல்லாதே என்று டாக்டர் கண்டித்திருந்தார். எனக்குத் தெரியாமல் வாங்கியிருப்பாரோ? உட்கார்ந்தால் எழுவேன். எழுந்தால் வாசலுக்குப் போவேன். பூட்ஸ் சத்தம் கேட்டால் ஓடிப்போய் மிஷினைப் பிடித்துக்கொள்வேன். பக்கத்து வீட்டுப் பாத்திமா அக்காதான் திட்டினாள்.

"ஏளா, மிஷினக் கட்டிப்புடிச்சா அமீனா விட்டுருவானா? கோர்ட்டுக்குப் போயி சொல்லு. நானும் வாறேன்."

எங்கள் குலதெய்வம் இசக்கி அம்மன். வீட்டுக்காரருக்கு அவள் பேர் என்பதால் அவளையும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. தாயே, தாயே என்றுதான் அழுவேன். கோர்ட்டுக்குப் போகிற வழியெல்லாம் அப்படித்தான் அழுதேன்.

அங்கே தமிழ் தெரிந்த குமாஸ்தா ஒருவர், மாட்டுங்காக்காரர், இருந்தார். "ஆத்துக்காரர் பேரைச் சொல்லுங்கோம்மா, ஜட்ஜ் கேக்கறார்."

"காயிதத்துல போட்டிருக்குல்லா?"

"அது போறாது. நீங்க சொல்லணும்."

பின்னாலிருந்து பாத்திமா அக்கா, "சொல்லித் தொலைளா, பேரச் சொன்னா மாப்ள கரைஞ்சா போயிருவாரு?" என்றாள். குமாஸ்தாவே சிரித்துவிட்டார்.

கண்ணை மூடினேன். தாயே, நீயே சொல்லு என்றேன். "மாடசாமி மகன் இசக்கி!" கத்தலாக வந்தது. அவளையும் கூப்பிட்டது போல இருந்தது.

குமாஸ்தா காகிதத்தைத் திரும்பப் பார்த்தார். சேட்டு பக்கம் திரும்பி இந்தியில் என்னவோ கேட்டார். வழக்கமாக ஆள் அனுப்புகிற சேட்டு அன்றைக்கென்று தாமே வந்திருந்தார். கடன் வாங்கியவன் இசக்கியின் மகன் மாடசாமி, தோல் தரகன் என்றார். நம் வழக்கப்படி அப்பா பேரை முன்னால் போட்டுக் கையெழுத்து வைத்திருக்கிறான். பம்பாயில் அப்பா பேர் பின்னால் வரும். அதனால் கோர்ட்டில் மகனை அப்பாவாக்கிவிட்டார்கள். தேடி வந்தவர்களுக்கு நானும் தலையை ஆட்டிவிட்டேன்.

அடுத்த வாய்தாவில் ரேஷன் கார்டைப் பார்த்து, தீர்ப்பு எங்களைச் சேராது என்று ஜட்ஜ் எழுதினார். பதிவிலிருந்தும் பேரை எடுத்தார்கள். வீட்டுக்காரர் குணமாகி வந்த பிறகுதான் சொன்னேன். "என் பேரையா? கோர்ட்டுலயா?" என்று வெட்கப்பட்டார்.

அன்றிலிருந்து அம்மனைப் பேர் சொல்லியே கூப்பிடுகிறேன். தாய்மார்களே, கஷ்டம் வந்தால் நீங்களும் கூப்பிடுங்கள், கூச்சப்படாதீர்கள். அவள் கேட்கிறாள்.

வருஷமும் கோர்ட்டு விவரமும் தப்பாக இருக்கலாம். தெரிந்தவர்கள் யாராவது சரிபார்த்துத் திருத்துங்கள். பேரை மட்டும் முன்பின் மாற்றிவிடாதீர்கள்.