படகில் இருந்தவர்கள் உடுத்தியிருந்தவை

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது வீட்டில் எனக்கு மூன்று வேலைகள் இருந்தன. காலையில் தம்பியின் பள்ளிக் காலணிகளைத் தேடி எடுத்து வைப்பது ஒன்று. இருட்டும் முன் வாசல் விளக்கைப் போடுவது இரண்டு. கேட்டில் யாராவது வந்து நின்றால் உள்ளே ஓடி, துண்டு எடுத்துவந்து அம்மாவிடமோ அத்தையிடமோ கொடுப்பது மூன்று. மூன்றாவதைத்தான் நான் பெருமையாகச் செய்தேன். அதில் மட்டும்தான் வேகம் தேவைப்பட்டது.

வீட்டில் அம்மாவும் அத்தையும் நைட்டி போட்டிருப்பார்கள். கழுத்திலிருந்து கணுக்கால் வரை மூடுகிற, பூப்போட்ட பருத்தி நைட்டி. சமையல் கேஸ் கொண்டுவரும் சீனரோ, தபால்காரரோ, பக்கத்து வீட்டுக்காரரோ வந்தால், அதன் மேல் மார்பை மறைத்து ஒரு துண்டு கிடக்க வேண்டும். இந்த விதியை யாரும் வாய்விட்டுச் சொன்னதாக எனக்கு நினைவில்லை. பெரியப்பா தொண்டையைச் செருமுவார். எல்லாருக்கும் விளங்கிவிடும்.

பெரியப்பா அப்பாவுக்கு மூத்தவர். செம்பனைத் தோட்டத்தில் மண்டோராக, அதாவது கங்காணியாக, இருந்து ஓய்வு பெற்று, பெரியம்மா இறந்த பிறகு எங்களோடு வந்து தங்கிவிட்டவர். பகல் முழுவதும் கைலி மட்டும் கட்டிக்கொண்டு, மேலே ஒன்றும் இல்லாமல், வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து போகிற வருகிறவர்களிடம் பேசிக்கொண்டிருப்பார். மலேசியாவில் எங்கள் ஊரான சிகாமட்டின் வெயிலுக்கு அது நியாயமான உடைதான். கைலியைப் போல மூன்று மடங்கு துணி நைட்டியில் இருந்தது என்ற கணக்கு எனக்கு அப்போது தோன்றியதில்லை.

அத்தைக்குத் தோன்றியிருந்தது. அவர் அப்பாவின் தங்கை. இருபத்தேழு வயது. டவுனில் ஒரு பல் மருத்துவர் கிளினிக்கில் வரவேற்பில் வேலை செய்தார். எதையும் சிரித்துக்கொண்டே கேட்டுவிடுவார். ஒருநாள் பெரியப்பா செருமியதும், நான் துண்டோடு வந்து நிற்கும்போதே, "அண்ணே, நீங்க மொதல்ல ஒரு சட்டைய மாட்டுங்க, நான் துண்டு போட்டுக்கிறேன்" என்றார். அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். தபால்காரர்கூடச் சிரித்தார், அவருக்குத் தமிழ் தெரியாது என்றாலும்.

பெரியப்பா இரண்டு நாள் வீட்டில் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் அம்மாதான் அத்தையை அழைத்துப்போய் மன்னிப்புக் கேட்க வைத்தார். அண்ணன் சாப்பிடாமல் இருப்பதைத் தன்னால் பார்க்க முடியவில்லை என்று அத்தை சொன்னார். அதற்குப் பிறகு அவர் அந்த வேடிக்கையைத் திரும்பச் செய்யவில்லை. கேட் சத்தம் கேட்டால், நான் வருமுன்பே அவர் கை துண்டுக்காக நீண்டிருக்கும். என் வேலை சுலபமாகிவிட்டது என்று எனக்குக் கொஞ்சம் வருத்தம்.

அந்த வருஷம் மழை இரண்டு நாள் விடவில்லை. அப்பா சிங்கப்பூரில் வேலையில் இருந்தார். பாலம் தாண்டி வந்தாலும் ரோட்டை மூடிவிட்டார்கள், வரமுடியாது என்று போனில் சொன்னார். எங்கள் தாமான், அதாவது குடியிருப்பு, ஆற்றிலிருந்து அதிகத் தூரமில்லை. விடியும் நேரத்தில் குளியலறைக் குழியிலிருந்து தண்ணீர் ஏறி வந்தது. நாங்கள் எழுந்து அரிசியையும் பள்ளிப் பைகளையும் மேசை மேல் ஏற்றினோம். பிறகு மேசையே மிதந்தது. காலை ஏழு மணிக்குத் தீயணைப்புக்காரர்களின் படகு, நாங்கள் போம்பா என்போமே, எங்கள் கேட் வரை வந்து தூணில் கயிறு கட்டி நின்றது.

இப்போது நான் கூலாய்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் பாதுகாப்புப் பிரிவில் இருக்கிறேன். விபத்து நடந்தால் யார் எங்கே நின்றார்கள், என்ன அணிந்திருந்தார்கள் என்று எழுதுவது என் வேலை. எழுதிப் பழகியதாலோ என்னவோ, அந்தப் படகில் இருந்தவர்கள் உடுத்தியிருந்ததை என்னால் இன்றும் வரிசையாகச் சொல்ல முடிகிறது.

போம்பா இருவர்: ஹெல்மெட், ஆரஞ்சு நிற மிதவைச் சட்டை. பக்கத்து வீட்டுச் சீன அங்கிள்: பனியன், அரைக்கால் சட்டை. அவர் மனைவி: அவரும் அரைக்கால் சட்டைதான். தம்பி: ஜட்டி. நான்: போன வருஷத்துப் பள்ளி விளையாட்டு உடை. அம்மா: நைட்டி, அதன் மேல் அப்பாவின் மோட்டார் சைக்கிள் மழைக்கோட்டு. பெரியப்பா: கைலி, அதுவும் முழங்காலுக்கு மேல் தூக்கிக் கட்டியது.

அத்தை கடைசியாக வந்தார். எல்லாரையும் ஏற்றிவிட்டு, மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, வாசலுக்கு வந்து நின்றார். தண்ணீர் அவர் இடுப்புக்கு மேல் இருந்தது. நீல நைட்டி முழுக்க நனைந்து உடம்போடு ஒட்டிக்கிடந்தது. வாசலுக்கும் படகுக்கும் பத்து அடி இருக்கும். இளைய போம்பாக்காரர் கையை நீட்டினார். பெரியப்பா முகத்தை ஆற்றுப் பக்கம் திருப்பிக்கொண்டு, தொண்டையைச் செருமினார்.

அது மழைக்காகச் செருமியதாகவும் இருக்கலாம். எனக்கு என் வேலை தெரியும். படகிலிருந்தே கூப்பிட்டேன்.

"அத்தை, துண்டு."

அத்தை குனிந்து தன்னைப் பார்த்துக்கொண்டார். படகில் இருந்த ஆண்களைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, தப்பு செய்து மாட்டிக்கொண்டவர் மாதிரி சிரித்தார்.

"துண்டெல்லாம் தண்ணிக்குள்ள போயிருச்சு. ரெண்டே நிமிஷம்லா, சுடிதார் மாட்டிட்டு வந்துடுறேன்."

அம்மா எழுந்து மழைக்கோட்டின் பொத்தான்களைக் கழற்ற ஆரம்பித்தார். படகு ஆடியது. உட்காரும்படி போம்பாக்காரர் அதட்டினார். அம்மா உட்கார்ந்து மறுபடி கூப்பிடுவதற்குள் அத்தை உள்ளே போய்விட்டார்.

அத்தையின் அறைக் கதவு உட்பக்கமாகத் திறப்பது. அலமாரி ஒட்டுப்பலகையில் செய்தது, கதவுக்குப் பக்கத்திலேயே நின்றது. ஊறி, அடி இளகி, எதற்கோ காத்துக்கொண்டிருந்தது போல, அவர் உள்ளே நுழைந்து அதன் கதவை இழுத்ததும் சாய்ந்து அறை வாசலை அடைத்துக்கொண்டது. சத்தம் எங்களுக்குக் கேட்டது. அத்தை முதலில் அம்மாவைக் கூப்பிட்டார், பிறகு "அண்ணே" என்று கூப்பிட்டார். இளைய போம்பாக்காரர் குதித்தார். பெரியப்பாவும் குதித்தார். கதவில் இடித்த அவர் தோள் பிறகு வாரக்கணக்கில் கறுத்துக் கிடந்தது. இதையும் சொல்லத்தான் வேண்டும். ஜன்னல் பக்கம் போனால் திருடனுக்காகப் போட்ட இரும்புக் கம்பிகள். அறுக்கிற கருவி இன்னொரு படகில் இருந்தது. அந்தப் படகு இன்னொரு தெருவில் இருந்தது. தண்ணீர் ஏறிக்கொண்டே வந்தது. குழந்தைகள் இருக்கும் படகை இனியும் நிறுத்த முடியாது என்று மூத்த போம்பாக்காரர் கயிற்றை அவிழ்த்தார். அம்மா மழைக்கோட்டைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, நைட்டியோடு, மேடு வரும்வரை அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

அத்தையை மத்தியானம் வெளியே எடுத்தார்கள். சுடிதாரின் மேல்சட்டையில் ஒரு கை நுழைந்திருந்தது என்று யாரோ சொன்னதைக் கேட்டேன்.

எங்களைத் தங்கவைத்தது ஒரு பள்ளி மண்டபத்தில். துக்கம் கேட்க வந்தவர்கள் பாய் மேல் சுற்றி உட்கார்ந்தார்கள். யாரோ நன்கொடையாகக் கொடுத்த சட்டை ஒன்றைப் பெரியப்பா போட்டிருந்தார். அவரைச் சட்டையோடு பார்க்க எனக்கு யாரோ போல இருந்தது. அழுது அழுது குரல் போயிருந்தது அவருக்கு. வருகிற ஒவ்வொருவரிடமும் அதையே சொன்னார்.

"உயிர் போற நேரத்துலயும் மானத்த விடல என் தங்கச்சி."

வந்தவர்கள் தலையாட்டினார்கள். நம்ம பொண்ணு அப்படித்தான் இருக்கும் என்றார் ஒரு அம்மாள். குடும்பத்து வளர்ப்பு என்றார் இன்னொருவர். ஒவ்வொரு முறையும் அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். களைப்பாக இருக்கும் என்று நினைத்தேன். எனக்கோ, அழுகைக்கு நடுவிலும், நெஞ்சு நிமிர்ந்தது. அத்தை பெரிய காரியம் செய்திருக்கிறார். அந்தக் காரியத்தில் எனக்கும் ஒரு பங்கு இருந்தது. அவருக்கு ஞாபகப்படுத்தியது நான்தான். பள்ளி திறந்ததும் வகுப்பில் இதைச் சொல்ல வேண்டும் என்று மனதுக்குள் வரிசைப்படுத்திக்கொண்டேன்: முதலில் மழை, பிறகு படகு, பிறகு நான் கூப்பிட்டது.

மறுநாள் இளைய போம்பாக்காரர் மண்டபத்துக்கு வந்தார். உள்ளங்கைகள் இரண்டிலும் கட்டுப் போட்டிருந்தது. கம்பிகளை வெறுங்கையால் இழுத்திருக்கிறார். பாயின் ஓரத்தில் பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்டு, அம்மாவின் முன் குந்தி உட்கார்ந்து, மெல்ல மலாயில் பேசினார். தனக்குத் தூக்கம் வரவில்லை, ஒன்று மட்டும் தெரிந்தாக வேண்டும் என்றார். தான் கையை நீட்டிக்கொண்டிருந்தும் எதற்காக அக்கா திரும்பிப் போனார்? ஐ.சி. அடையாள அட்டையா? நகையா? வீட்டுப் பத்திரமா?

அம்மா நன்றாக மலாய் பேசுவார். ஆனால் அன்று மறுபடியும் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். ஆகவே நான் பதில் சொன்னேன்.

"துக்கார் பாஜு, பாங்."

உடை மாற்ற, அண்ணா.

"பாஜு?" என்றார்.

ஆமாம் என்று தலையாட்டினேன். அவர் என்னைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். சற்றுத் தள்ளி ஆட்களோடு உட்கார்ந்திருந்த பெரியப்பாவைப் பார்த்தார். மறுபடி என்னையே பார்த்தார். குந்தியிருந்தவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். வேறு ஏதோ நான் சொல்லப்போகிறேன் என்று காத்திருப்பவர் போல அவர் முகம் இருந்தது.

என் மலாய் அவருக்கு விளங்கவில்லை என்று நினைத்தேன். பள்ளியில் ஆசிரியர் சொல்லிக்கொடுத்தபடி, முதுகை நிமிர்த்தி, முழு வாக்கியமாக, ஒவ்வொரு சொல்லையும் நிறுத்தி, அவருக்குக் கேட்கும்படி மறுபடியும் சொன்னேன்.