முந்நூற்றுநாலுக்கு நாலாவது ஆள்

பாப்பாமோட்டையில் எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். சீட்டுக் கடதாசி விளையாடியவர்களை நின்று பார்த்ததற்காகவே அப்பாவிடம் பூவரசந் தடியால் அடி வாங்கியவன். பல்கலைக்கழகம் முடித்து, நோயாளிகளை அன்றாட வேலைகளுக்குப் பழக்கும் தொழில்வழிச் சிகிச்சையாளனாக மன்னாரில் வேலைக்குச் சேர்ந்தபின், தலைமன்னாரில் ஒரு நோயாளியோடு முந்நூற்றுநாலு என்ற கடதாசி ஆட்டம் விளையாடப் போகிறேன் என்று வீட்டில் சொன்னேன். அப்பா வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து, "இதுக்கோ அரசாங்கம் சம்பளம் தருது?" என்று கேட்டார்.

நோயாளி வயதான கடற்றொழிலாளி. பார்க்கின்சன் நோய். சும்மா இருந்தால் வலது கை ஆடும். முகம் இறுகிப்போய்ச் சிரிப்பும் கோபமும் ஒன்றுபோலத் தெரியும். குரலும் உள்ளே போய்விட்டது. முதல் நாள் நான் நிறநிறமான மணிகளைக் கொடுத்துக் கோர்க்கச் சொன்னேன்.

அவர் அவற்றை என் பக்கம் தள்ளினார். "தம்பி, நான் நாப்பது வருஷம் கிழிஞ்ச வலை பொத்தினவன். இப்ப பாசிமணி கோர்த்து எந்தத் திருநாளுக்குப் போடுறது?"

அவருடைய மனைவி குசினியிலிருந்து சொன்னார்: "என்னத்தையெண்டாலும் குடுங்கோ தம்பி, ஆள் வெளியில போனாக் காணும். மூண்டு மாசமா இஞ்ச குந்திக்கொண்டு நான் கறிக்கு எத்தினை தரம் உப்புப் போடுறன் எண்டு பாக்கிறார்."

வீட்டிலேயே இருந்ததற்குக் காரணம் இருந்தது. கடற்கரை மீன்வாடியில் நாலு பேர் ஞாயிறுதோறும் முந்நூற்றுநாலு ஆடுவார்கள். இவருக்குக் கூட்டாளி மனைவியின் தம்பி. கை ஆட ஆட இவருடைய தாள்கள் எல்லாருக்கும் தெரிந்தன. தோற்றுத் தோற்று அலுத்த மச்சான், இவருடைய இடத்தில் ஒரு ஓட்டோக்காரனை இருத்திவிட்டார்.

"எனக்கு அந்தக் கதிரை வேணும்," என்றார் அவர். "மற்றதெல்லாம் பிறகு."

மணிகளைப் பைக்குள் போட்டுவிட்டு, விளையாட்டை எனக்குச் சொல்லித் தரச் சொன்னேன். இரண்டு கிழமை ஆடினோம். கதவு நிலையில் நின்று பார்த்தே பழகிய மனைவி எங்கள் இருவரையும் தோற்கடித்தார்.

உடைந்த ஐஸ் பெட்டியின் ரெஜிபோம் என்ற வெள்ளை நுரைத்துண்டில் கத்தியால் கீறி, தாள்களை வரிசையாகச் செருகி வைக்கும்படி செய்தேன். தாள்கள் ஆடவில்லை. சூடை மீன் மணந்தன, அவ்வளவுதான். எத்தனை புள்ளி எடுப்போம் என்று கேள்வி கேட்கும்போது குசினிக்குக் கேட்காவிட்டால் அது கேள்வியில்லை என்று மனைவி சட்டம் போட்டார். குளிசை போட்டு, மருந்து பிடிக்க ஒரு மணித்தியாலம் விட்டே ஆடத் தொடங்குவோம்.

மச்சான் ஒருவழியாகச் சம்மதித்தார். "ஒரு ஞாயிறு மட்டும் அத்தான். தாள் தெரிஞ்சுதெண்டா நீங்கள் வீட்டை."

எதிர்ப்பக்கம் ஆடியவர்கள் ஒரு அண்ணனும் அவர் தம்பியும். ஓட்டோக்காரன் எழும்பி நின்று பார்த்தான். முதல் ஆட்டம் பாதியில் அண்ணன் தாள்களைக் கவிழ்த்துவிட்டார்.

"கை ஆடுது. இது மச்சானுக்குக் காட்டுற குறி. மூண்டு ஆட்டு ஆட்டினா வீரன் தாள் கிடக்கெண்டு அர்த்தம்."

"குறியோ?" என்றார் மச்சான். "இவ்வளவு நாளும் எனக்குத் தெரியாமப் போச்சே. தெரிஞ்சிருந்தா எவ்வளவு வெண்டிருப்பம்."

நான் எழுந்து, மூளையில் குறைந்துபோகும் வேதிப்பொருளையும் ஓய்வுநிலை நடுக்கத்தையும் விளக்கத் தொடங்கினேன். அண்ணன் பொறுமையாகக் கேட்டார்.

"தம்பிக்கு விளையாட்டுத் தெரியுமோ?"

"ரெண்டு கிழமையாத் தெரியும்."

"அப்ப பேசாம இருங்கோ."

இருந்தேன். இருந்தபின்தான் புத்தி வந்தது. அந்தக் கைக்கு ஓய்வுதான் ஆகாது. வேலை கொடுத்தால் அடங்கும். வாடியில் கிடந்த இன்னொரு கட்டு கடதாசியை அவருடைய வலது கைக்குக் கீழே பரப்பி, அடுத்த ஆட்டத்துக்குக் கலைத்துக்கொண்டே இருக்கச் சொன்னேன். இடது கை ரெஜிபோமிலிருந்து தாளை எடுத்துப் போட்டது. நடுக்கம் நின்றுவிட்டது என்று சொல்ல மாட்டேன். கொஞ்சம் அடங்கியது, மிச்சம் கலைப்பில் சேர்ந்துபோயிற்று. கலைக்கச் சோம்பலான அண்ணன் தம்பி இருவரும் இதை எதிர்க்கவில்லை.

கடைசி ஆட்டத்தில் அவர், "நூற்றெழுபது," என்று கேட்டார். குசினிக்குக் கேட்கப் பழகிய குரல். கரையில் வலை இழுத்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அண்ணன் அவர் முகத்தை உற்றுப் பார்த்தார். ஒன்றுமில்லை. கையிலும் நல்ல தாள் ஒன்றுமில்லை என்று முடிவு செய்து, தன் கேள்வியை இருநூற்றைம்பது வரை ஏற்றினார். ரெஜிபோமில் இரண்டு வீரன்கள் இருந்தன, ஆட்டத்திலேயே பெரிய தாள்கள். அண்ணன் தம்பி மோசமாகத் தோற்றார்கள்.

"முந்தி நல்ல தாள் வந்தா இவற்ர மீசை துள்ளும்," என்று அண்ணன் என்னிடம் முறையிட்டார். "இப்ப மூஞ்சையில ஒண்டும் தெரியேல்ல. இது நியாயமில்லை. அதுக்கும் ஏதாவது செய்யுங்கோ."

மச்சான் ஓட்டோக்காரனின் தோளில் தட்டி, "நீ ஓட்டோவில ஹயர் ஓடப் போ ராசா," என்றார். கதிரை திரும்பிவிட்டது.

உண்மையில் முகப்பயிற்சி என் திட்டத்தில் இருந்தது. அவர் வீட்டு வாசலை நெருங்கும்போது சொன்னேன். கண்ணாடி முன் நின்று புருவத்தை உயர்த்துவது, பல் தெரியச் சிரிப்பது.

"முகத்தைத் தொடாதேங்கோ தம்பி. இப்பதான் அது உழைக்கத் தொடங்கியிருக்கு."

மனைவி வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டார். "இந்த ஆள் சிரிச்சு நான் பாத்து ஒரு வருஷமாச்சு," என்றார், யாரையும் பார்க்காமல்.

அவர் படியில் நின்று யோசித்தார். என்ன யோசிக்கிறார் என்று எனக்கும் தெரியவில்லை.

"அப்ப வீட்டில மட்டும்," என்றார். "ஞாயிற்றுக்கிழமை வேண்டாம்."