செல்லத்தங்கத்துக்கு ஒரு சொல்

உள்ளறையில் தகரப்பெட்டியின் மூடி ‘டக்’கென்று விழுந்தது. முன்னறையில் இருந்த நதீரா டீச்சருக்கு நெஞ்சே விழுந்ததுபோல் இருந்தது. செல்லத்தங்கம் போகப் போகிறாள். போரில் தொலைந்தான் என்று அவள் அழுது தீர்த்த மகன் பிரகாஸ் வவுனியாவில் உயிரோடு இருக்கிறான். காலில் காயம், பார்க்க ஆளில்லை.

ஐந்து வருடங்களுக்கு முன், மருதமுனையில் கடல் பொங்கிய காலையில், நதீராவைத் தலைமயிரில் பிடித்து இழுத்துக் கரைசேர்த்தவள் இந்தப் பக்கத்து ஊர்ப் பெரியநீலாவணைக்காரி. முன்பின் அறியாதவள். நதீராவின் கணவர் பளீலைக் கடல் கொண்டுபோயிற்று. அகதிகள் தங்கிய பள்ளிக்கூடத்தில் நதீரா இத்தா இருக்க ஒரு மறைவுகூட இல்லை. கணவனை இழந்தவள் நான்கு மாதமும் பத்து நாளும் அந்நிய ஆண்கள் கண்ணில் படாமல் இருக்கவேண்டுமே! தன் ஒரே மாற்றுச் சேலையைத் திரையாகக் கட்டிவிட்டு வாசலில் குந்திக்கொண்டாள் செல்லத்தங்கம். நிவாரணம் பதிய வந்த அதிகாரியையே, “டீச்சர் இத்தாவில இருக்கிறா. வெளிய நிண்டு கதைங்க!” என்று விரட்டினாள். பிறைக்கணக்கு அறியாமல், கலண்டரைப் பார்த்து இரண்டு நாள் கூடுதலாகவும் உள்ளே வைத்திருந்தாள். அதன்பிறகும் போகாமல் நதீராவோடேயே தங்கிவிட்டாள்.

இப்போது பெட்டியோடு வந்தவளிடம் நதீரா, “அந்த ரெண்டு நாள் கூடினது எனக்கு அப்பவே தெரியும்கா” என்றாள். “இத்தா முடிஞ்சா நீங்க போயிருவீங்க எண்டுதான் வாய் திறக்கல்ல.”

“அடி கள்ள டீச்சர்!”

“இங்கிலீஷ் அகராதியில உங்களுக்கு ஒரு சொல் கண்டேன். ‘ஃபியர்’. பயம் எண்டுற ‘ஃபியர்’ இல்ல, இது வேற, பழைய சொல். முதல்ல, கூடப் பயணம் வாற ஆள். மறுகா தோழி, புருசன், பொஞ்சாதி, சரிசமமான ஆள், எல்லாருக்கும் அதுதான் பேர். இப்ப அத ஒருத்தரும் கதைக்கிறல்ல.”

“வெள்ளக்காரனும் நல்லதுகளத் துலைச்சிருக்கான்” என்று செல்லத்தங்கம் சிரித்தாள். உடனே பெட்டியைக் கீழே வைத்தாள். “தனிய இருந்திருவீங்களா டீச்சர்? சொல்லுங்க, ரெண்டு நாள் பிந்திப் போறன்.”

‘இருங்க’ என்ற வார்த்தை நதீராவின் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. சொன்னால் நின்றுவிடுவாள். அங்கே ஒரு பிள்ளை தாயைத் தேடிக் கிடக்கிறான்.

“இல்லகா. மகன் பார்த்துட்டிருப்பான். இண்டைக்கே போங்க.”

பிரகாசுக்கென்று சுற்றிவைத்த தொதல் இனிப்பைச் செல்லத்தங்கத்தின் கையில் வைத்தாள். இருவரும் கட்டிக்கொண்டார்கள். ஓட்டோக்காரன் இரண்டு தரம் ஹோர்ன் அடித்தான்.

“யா அல்லாஹ், கேட்காமலே இவளைத் தந்தாய்” என்று நதீராவின் உதடு முணுமுணுத்தது. கண்ணீர் வழிந்தது; அதில் மனக்குறை ஒன்றும் இல்லை.

ஓட்டோ மூலை திரும்பியதும் கதவைச் சாத்தினாள்.