கிளட்ச் மிதித்தால் மட்டும்

எங்கள் டிராக்டர் சின்னது. தென்னை விளைக்குள் மரங்களுக்கு நடுவே நுழைந்து உழுவதற்கென்று, யாரோ ஓட்டிப் பழசாக்கிய டீசல் வண்டியை மஸ்கட்டுக்குப் போகும் முன் என் கணவர் வாங்கிப் போட்டார். ஓட்டுவது மாமா, அதாவது என் மாமனார். பார்ட்ஸ் தேடுவது என் வேலை. படித்தவள், போனில் போட்டோ எடுத்து அனுப்பத் தெரிந்தவள் என்று வீட்டில் முடிவாகிவிட்டது.

டீசல் ஃபில்டரின் நம்பரைத் தேடப்போய்த்தான் அந்த வண்டியின் கையேடு இணையத்தில் கிடைத்தது. தேவையில்லாத பக்கங்களையும் படித்தேன். கிளட்சை முழுவதும் மிதித்தால் மட்டுமே இன்ஜின் ஸ்டார்ட் ஆகும், அதற்கென்று மிதிக்கு அடியில் ஒரு சுவிட்ச் உண்டு என்று ஒரு பக்கத்தில் இருந்தது.

மாமா ஒரு நாளும் கிளட்சை மிதித்து ஸ்டார்ட் செய்ததில்லை. தரையில் நின்றபடியே சாவியைத் திருப்புவார். இன்ஜின் ஓட ஆரம்பித்ததும் போய் கேட்டைத் திறந்துவிட்டு வந்து ஏறுவார். ஹேண்ட்பிரேக் சரியாகப் பிடிக்காது என்பதால், சரிவில் நிறுத்தும்போது கியரில் போட்டு நிறுத்துவார். சாவி எப்போதும் வண்டியிலேயே கிடக்கும். நான்கு வயது ஆன என் மகள் சாயங்காலமானால் அந்த சீட்டில் ஏறி ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு ஹாரன் அடிப்பாள்.

அவள் கை சாவிக்கு எட்டும். கால் கிளட்சுக்கு எட்டாது. கியரில் நிற்கும்போது சாவியைத் திருப்பினால் வண்டி பாய்ந்துவிடும். அந்தப் பக்கத்தை மூன்று தடவை படித்தேன்.

மெக்கானிக்கைக் கூப்பிட்டேன்.

"அதா? அத பண்டே டைரக்ட் குடுத்தாச்சே தங்கச்சி."

சுவிட்சுக்குப் போகும் இரண்டு வயரையும் எப்போதோ வெட்டி ஒன்றோடொன்று முறுக்கிவிட்டார் என்று அர்த்தம்.

"ஏன் அப்படி?"

"பழைய வண்டில்லா. சுவிட்சு கிட்டாது. வண்டி ஓடணுமா வேண்டாமா?"

"வேற எதெல்லாம் டைரக்ட் குடுத்திருக்கிய?"

"பிரேக்க டைரக்ட் குடுக்க முடியாது, கேட்டியளா? பயப்படாதிய" என்று சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவரே பழுது பார்க்கும் தண்ணீர் மோட்டாரிலும் இப்படி ஏதாவது இருக்குமோ என்று அதன் பெட்டியைத் திறந்து பார்த்தேன். வயர் எது, டேப் எது என்றுகூட எனக்கு விளங்கவில்லை. கணவரிடம் சொன்னபோது, "அப்பா எத்தன வருசமா வண்டி ஓட்டுதாரு, நீ சும்மா கெட" என்றார். நான்தான் பெரிதுபடுத்துகிறேனோ என்றும் தோன்றியது. ஆனாலும் மறுநாள் நாகர்கோவிலுக்கு பஸ் ஏறினேன்.

முதல் கடைக்காரர் நான் நீட்டிய சுவிட்ச் போட்டோவைப் பார்க்காமல் என்னைப் பார்த்து, "வீட்டுல ஆம்பிள யாரும் இல்லியா?" என்றார். இரண்டாவது கடையில் கிட்டாது என்றார்கள். மூன்றாவது கடைக்காரர் ஒரு டிராயரைக் கிளறி, வேறு ஏதோ வண்டியின் சுவிட்சை எடுத்து வைத்தார். மகளின் பென்சில் பெட்டியிலிருந்து கொண்டுபோன ஸ்கேலால் அதன் மரையை அளந்தேன்.

"பொண்ணு பாக்க வந்தது மாதிரில்லா பாக்குதிய. சேரும், கொண்டு போங்க" என்றார்.

அவ்வளவு லேசாகக் கிடைத்ததுதான் எனக்கு உறுத்தியது. கிட்டாது என்று மெக்கானிக் ஏன் சொன்னார்? சோம்பல்தான் என்று முடிவு செய்தேன். அவர் மாட்ட வந்த அன்று அதை முகத்துக்கு நேராகவே சொன்னேன். அவர் மாமாவை ஒருமுறை பார்த்துவிட்டு வேலையில் இறங்கினார். மாமா தென்னையின் மண்டையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

வேலை முடிந்ததும் மிதிக்காமல் சாவியைத் திருப்பினேன். சத்தம் இல்லை. மிதித்துத் திருப்பினேன், ஸ்டார்ட் ஆனது. நான்கு தடவை செய்து பார்த்தேன்.

"போதுமா தங்கச்சி, இல்ல எழுதித் தரணுமா?" என்றார் மெக்கானிக்.

ஒரு வாரம் இருக்கும். பின்பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். இன்ஜின் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால் வண்டி நின்ற இடத்திலேயே இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கிறது, மாமா தரையில் நின்று தோளில் கிடந்த துவர்த்தை எடுத்துத் தலையில் கட்டுகிறார். ஓடிப்போய்க் குனிந்து பார்த்தேன். மிதிக்கு அடியில் புதுக் கறுப்பு டேப்.

போனை எடுத்து மெக்கானிக்கிடம் வாய்க்கு வந்ததையெல்லாம் சொன்னேன். அவர் கேட்டு முடித்துவிட்டு, "நான் அந்தப் பக்கமே வரல்ல. மாமாட்ட கேளுங்க. மொதல்ல டைரக்ட் குடுக்கச் சொன்னதும் அவருதான். யார்ட்டயும் சொல்லாண்டாம்னாரு, சொல்லல்ல" என்றார்.

மாமா மறுக்கவில்லை. இன்ஜினை நிறுத்திவிட்டு உரித்துப் போட்ட தேங்காய்த் தொண்டுக் குவியலின் மேல் உட்கார்ந்தார்.

"ஏறி ஸ்டார்ட் பண்ணணும், எறங்கி கேட்டத் தொறக்கணும், மறுபடி ஏறணும். ஒரு தடவ ஏறலாம் மக்கா. ரெண்டாவது தடவைக்கு கால் முட்டு சம்மதிக்காது."

"கேட்ட முதல்லயே தொறந்து வைக்கலாமே மாமா."

"ஆடு விளைக்குள்ள கேறாதா?"

"ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் வந்து தொறப்பேனே. பிள்ள ஏறி உக்காருத வண்டில்லா?"

"அவன்ட்ட சொல்லிராத. முட்டு வலின்னு தெரிஞ்சா வண்டிய வித்துருவான்" என்றார். பிள்ளையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. தலையைக் குனிந்துகொண்டார்.

மெக்கானிக்கிடம் மன்னிப்புக் கேட்டேன். மறுபடி அவரே வந்து டேப்பைப் பிரித்து வயரைச் சுவிட்சில் மாட்டினார். சாவியை நான் வாங்கிக்கொண்டேன். வேறு சாவி உண்டா என்று கேட்டேன். இல்லை என்றார் மாமா. அதையும் அலமாரியைத் துழாவிப் பார்த்துத்தான் நம்பினேன்.

இப்போது மகளை ஸ்கூல் வேனில் ஏற்றிவிட்டு வந்ததும் நான்தான் வண்டியில் ஏறி, கிளட்சை மிதித்து ஸ்டார்ட் செய்கிறேன். இறங்கிப் போய் கேட்டைத் திறக்கிறேன். மாமா ஒரே ஒரு தடவை ஏறுகிறார். கணவரிடம் சுவிட்ச் மாட்டியாயிற்று என்று மட்டும் சொல்லியிருக்கிறேன். அது சரியா என்று தெரியவில்லை.

தினமும் மிதிப்பதற்கு முன்னால், மிதிக்காமல் ஒருமுறை சாவியைத் திருப்பிப் பார்ப்பேன். சத்தம் வராவிட்டால்தான் மிதிப்பேன்.

"இன்னும் சந்தேகமா மக்கா?" என்று ஒருநாள் மாமா கேட்டார்.

"வயரு லூசாயிருக்கான்னு பாக்கேன் மாமா."

அவர் ஏறும்போது கை கொடுக்கப் போனேன். என் கையைப் பிடிக்காமல், பின்சக்கரத்தின் மட்கார்டைப் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு ஏறினார்.