துப்பாக்கிக்கு நீலம் போட்ட வருஷங்கள்

துப்பாக்கிக்கு நீலம் போடுவதென்பது, இரும்பை நாமே துருப்பிடிக்க வைத்து, அந்தத் துருவைக் கொண்டே அடுத்த துரு வராமல் தடுக்கிற தொழில்.

இதை அப்படியே வாடிக்கையாளரிடம் சொன்னால் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விடுவார். அதனால் சொல்லமாட்டோம். ரேடியோ ரிப்பேர் செய்கிறவர்கள், கடிகாரக் கடைக்காரர்கள், தையல்காரர்கள் எல்லோருக்கும் நான் சொல்வது புரியும். பொருள் அவர்களுடையது, வேலை நம்முடையது, ஆனால் அபிப்பிராயம் முழுக்க அவர்களுடையதாகவே இருக்கும்.

ஐம்பதுகளின் தொடக்கத்திலிருந்து அறுபதுகளின் நடுப்பகுதி வரை விருதுநகரில் ஒரு துப்பாக்கி ரிப்பேர் கடையில் வேலை பார்த்தேன். முதலாளி பெயர் கந்தசாமி. லைசென்ஸ் அவர் பெயரில், அரமும் பிரஷும் என் கையில். குழலை நன்றாகத் தேய்த்து, எண்ணெய்ப் பசை போகக் கழுவி, திராவகம் தடவி வைப்போம். மெல்லிசாகச் செந்துரு படரும். அதைக் கொதிக்கும் தண்ணீர்த் தொட்டியில் போட்டால் துரு கறுத்துவிடும். எடுத்து பிரஷ் போட்டுத் தேய்த்து, மறுபடி திராவகம், மறுபடி தண்ணீர். பல தடவை ஆனபின் கருநீலமாக ஒரு தோல் உட்காரும். அதற்குப் பெயர்தான் நீலம்.

அடுத்த குண்டை ஏற்ற இழுக்கிற போல்ட், டிரிகர் மாதிரி அசைகிற பாகங்களுக்கு இன்னொரு வேலையும் உண்டு. பென்சிலுக்குள் இருக்கிற அதே கரியைத் தூளாக்கி, இரும்பைச் சூடு பண்ணி, தோல் துண்டால் அழுத்தி அழுத்தித் தேய்த்து ஏற்றுவோம். எண்ணெயே இல்லாமல் வழுக்கிக்கொண்டு போகும். எங்கள் பக்கத்துக் கரிசல் புழுதி எண்ணெயைக் கண்டால் விடாது. இந்தக் கரியில் ஒட்டாது.

சாயம்

நீலம் என்ற பெயரால் பட்ட பாடு கொஞ்சமில்லை. ஒரு ஜவுளிக்கடைக்காரர் தன் ரைஃபிளைக் கொடுத்துவிட்டுப் போய், வாங்க வந்தபோது அதை வெயிலில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கறுப்பாக இருக்கிறதே என்றார். இதற்குப் பெயர்தான் நீலம், பார்க்கக் கறுப்பாகத்தான் இருக்கும், சாய்த்துப் பிடித்தால் நீலம் தெரியும் என்றேன். சாய்த்துப் பார்த்தார். தெரிந்தது. ஆனாலும் திருப்தியில்லை. மேல்துண்டின் முனையை எச்சில் தொட்டு நனைத்துக் குழலின்மேல் அழுத்தித் தேய்த்தார். துண்டை விரித்துக் கறை இருக்கிறதா என்று பார்த்தார். இல்லை.

பிறகுதான் முகம் தெளிந்தது. முதலாளியைப் பார்த்துச் சொன்னார்: "கெட்டிச் சாயம்தான். நம்ம கடைச் சேலைக்கும் இதையே போட முடியுமான்னு கேட்டுச் சொல்லுங்க."

விளக்கெண்ணெய்

மல்லாங்கிணற்றிலிருந்து ராமசாமி என்று பயிர்த்தொழில் பார்க்கிற சம்சாரி ஒருவர் வருவார். கடலைக் காட்டில் பன்றி இறங்குகிறதென்று லைசென்ஸ் வாங்கியவர். ஒரு நாள் காலில் கட்டோடு, மகன் தோளைப் பிடித்துக்கொண்டு கடைக்குள் வந்தார். மகன் கையில் ரைஃபிள்.

நடந்தது இதுதான். காட்டுக்குள் பன்றி நேருக்கு நேராக வந்திருக்கிறது. இவர் ஒரு குண்டு சுட்டார், தப்பிவிட்டது. அடுத்த குண்டுக்குப் போல்ட்டை இழுத்தால் வரவில்லை. இரண்டு கையாலும் இழுத்தும் வரவில்லை. பன்றி கெண்டைக்காலைக் கிழித்துவிட்டது. துப்பாக்கியை அதன்மேல் எறிந்துவிட்டு, கிணற்றில் கமலை கட்டி இறைக்கிற உயரமான கல்லின்மேல் ஏறி உட்கார்ந்து கத்தியிருக்கிறார். ஊர்க்காரர்கள் வந்து இறக்கினார்கள்.

நான் போல்ட்டைக் கழற்றினேன். உள்ளே விளக்கெண்ணெயும் கரிசல் மண்ணும் சேர்ந்து, மாட்டு வண்டி அச்சில் இருக்குமே அந்த மை போலக் கெட்டியாக இருந்தது. சுரண்டித்தான் எடுக்க வேண்டியிருந்தது. எல்லாவற்றையும் கழுவி, புதுசாக நீலம் போட்டு, கரி ஏற்றி, அவர் கையிலேயே கொடுத்து இழுக்கச் சொன்னேன். ஒற்றை விரலுக்கு வந்தது. அவருக்கே ஆச்சரியம். இனிமேல் ஒரு சொட்டு எண்ணெய்கூடப் போடக்கூடாது, உலர்ந்த துணியால் துடைத்தால் போதும் என்று மகனையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொல்லி அனுப்பினேன். தலையாட்டினார்.

அடுத்த பட்டம் கடலை போட்ட சமயத்தில் ரைஃபிள் திரும்ப வந்தது. போல்ட் வரவில்லை. திறந்தால் அதே மை, அதே வாசனை. எனக்குக் கோபம்கூட வரவில்லை. ஏன் இப்படி என்று மட்டும் கேட்டேன்.

அவர் நிதானமாகச் சொன்னார்: "நான் தலைக்கு எண்ணெய் வைக்காம வாசல் தாண்டுனதில்ல தம்பி. அம்புட்டு வெலை குடுத்து வாங்குன துப்பாக்கிய வறட்டுத் தலையோட எப்படிக் காட்டுக்குக் கூட்டிட்டுப் போறது?"

ஆறுமுகத்தின் கை

சிலருடைய வேர்வைக்கு இரும்பு ஆகாது. இது எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். மற்றவர்கள் நம்பமாட்டார்கள். நாங்களும் ஆறுமுகம் வரும்வரை பாதிதான் நம்பியிருந்தோம்.

ஆறுமுகம் பட்டறை வேலை தெரிந்தவர், என்னைவிட மூத்தவர், மூன்று பெண்களுக்குத் தகப்பன். பாலிஷ் பிடிப்பதில் அவரைப் போல ஆள் கிடையாது. ஆனால் அவர் இன்று தொட்ட இடத்தில் நாளைக்குச் செந்துருவாக ஐந்து விரலும் எழுந்து நிற்கும். சோப்புப் போட்டுக் கழுவினார், சாம்பல் போட்டுத் தேய்த்தார், கையில் துணி சுற்றினார். துணியும் நனைந்துவிடும். வேலை போய்விடுமோ என்ற பயத்தில் இன்னும் அதிகமாக வேர்த்தது. முதலாளியும் நின்றுகொள்ளச் சொல்லத் தயங்கிக்கொண்டே இருந்தார்.

அந்தச் சமயத்தில் ஒரு போலீஸ் இன்ஸ்பெக்டர் தன் சொந்த ரைஃபிளை நீலம் போடக் கொடுத்திருந்தார். வேலை முடிந்து, அவர் வருவதற்கு முந்தின நாள், அலமாரியிலிருந்து விழப்போனதை ஆறுமுகம் தாங்கிப் பிடித்திருக்கிறார். நல்ல எண்ணம்தான். மறுநாள் இன்ஸ்பெக்டர் உறையைப் பிரித்தால், நீலம் ஏற்றாமல் வெள்ளையாக விட்டிருந்த போல்ட்டின்மேல் ஒரு முழுப் பெருவிரல். சுழி சுழியாக, கோடு கோடாக, அச்சடித்த மாதிரி. ஆறுமுகம் தானாகவே முன்னால் வந்து, என் கைதான் ஐயா என்றார். அன்றோடு அவரைத் துப்பாக்கியின் மரக்கட்டை வேலைக்கு மாற்றினோம். மரத்துக்கு அவர் கை நன்றாகவே ஒத்துக்கொண்டது. நான் கடையை விட்டு வரும்வரை பின்கட்டைகளுக்கெல்லாம் அவர்தான்.

இன்ஸ்பெக்டர் கோபித்துக்கொள்ளவில்லை. போல்ட்டை வெளிச்சத்தில் வெகுநேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஒரு ரேகை எடுக்கறதுக்கு நாங்க மதுரையிலேருந்து ஆள் வரவழைக்கிறோம். இந்த மாதிரி ஒவ்வொரு திருடனுக்கும் வேர்த்தா எவ்வளவு நல்லா இருக்கும்."

வெடியுப்பு

ராணுவத்தில் துப்பாக்கி பராமரிப்பு பார்த்துவிட்டு ஓய்வு பெற்ற ஒருவர் ஒரு நாள் கடைக்கு வந்தார். பல நாள் வேலையை ஒரே மத்தியானத்தில் முடிக்கலாம், காரச் சோடாவையும் வெடியுப்பையும் சேர்த்துக் காய்ச்சி முக்கி எடுத்தால் நீலம் தானாக ஏறும் என்று முதலாளியிடம் சொல்லிவிட்டுப் போய்விட்டார். வெடியுப்புக்கு எங்கள் பக்கத்தில் பஞ்சமா? சிவகாசியிலிருந்து மூட்டையே வந்தது. ரைஃபிள் பாகங்களைப் போட்டு எடுத்தோம். உண்மையிலேயே அழகாக வந்தது. முதலாளி அன்று எல்லோருக்கும் காராச்சேவு வாங்கிக் கொடுத்தார்.

அடுத்து சிவகாசியில் ஒரு வெடி கம்பெனி முதலாளியின் இரட்டைக் குழல் துப்பாக்கி. அவருடைய தகப்பனார் வைத்திருந்த சீமைத் துப்பாக்கி. அதையும் எங்கள் முதலாளி தொட்டியில் இறக்கினார். ரைஃபிளுக்கு ஒரே குழல். இதில் இரண்டு குழல்களையும் ஈயப்பற்று வைத்து ஒட்டியிருப்பார்கள். அந்தக் காரக் கொதிப்பு ஈயத்தைத் தின்றுவிட்டது. கொக்கி போட்டுத் தூக்கினால் ஒரு குழல் வந்தது. இன்னொன்று தொட்டிக்குள்ளேயே கிடந்தது. இரண்டுக்கும் நீலம் மட்டும் பிரமாதமாக ஏறியிருந்தது.

முதலாளி அன்று சாப்பிடவில்லை. மறுநாள் இரண்டு குழல்களையும் தனித்தனியாகச் சாக்கில் சுற்றி, என்னையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினார். கம்பெனி ஆபீசில் துப்பாக்கிக்குச் சொந்தக்காரரும் அவர் தம்பியும் உட்கார்ந்திருந்தார்கள். தீபாவளி சீசன், ஆர்டர் பேசிக்கொண்டிருந்தார்கள். எங்கள் முதலாளி நடந்ததை மறைக்காமல் சொன்னார். மதுரையில் இருக்கும் பெரிய கம்மியரிடம் கொடுத்துப் பழையபடி ஒட்டித் தருகிறேன், செலவு என்னுடையது என்றார். அப்படித்தான் பிறகு செய்தும் கொடுத்தார். அதற்கப்புறம் கடையில் வெடியுப்புப் பேச்சே கிடையாது.

அண்ணன்காரர் தனக்கு முன்னால் ஒரு குழலும் தம்பிக்கு முன்னால் ஒரு குழலுமாக மேஜைமேல் வைத்துப் பார்த்தார். தம்பியையும் பார்த்தார். பிறகு முதலாளியிடம் சொன்னார்: "சொத்துப் பிரிக்கப் போறோம். அப்பா துப்பாக்கிய மட்டும் எப்படிப் பிரிக்கிறதுன்னு தெரியாம ஒரு வருசமா முழிச்சிக்கிட்டு இருந்தோம். நீங்களே சமமாப் பிரிச்சிக் கொண்டாந்துட்டீக."

எலெக்ஷன்

எலெக்ஷன் வந்தால் லைசென்ஸ் துப்பாக்கிகளை ஒப்படைத்துவிட வேண்டும். சிலர் போலீஸ் ஸ்டேஷனில் கொடுப்பார்கள், சிலர் எங்கள் கடையில். சாத்தூர்ப் பக்கத்திலிருந்து வெங்கடம்மாள் என்ற அம்மா தன் ரைஃபிளை எங்களிடம் கொடுத்திருந்தார். கணவர் இறந்தபின் நிலத்தையும் லைசென்ஸையும் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டவர். குறி பார்ப்பதில் கெட்டிக்காரர் என்று கேள்வி. சும்மா இருக்கும் நேரத்தில் நீலத்தைப் புதுப்பித்து, போல்ட்டுக்குக் கரியும் ஏற்றி வைத்தேன்.

துப்பாக்கி எங்களிடம் இருந்தபோது பன்றிகள் அவர் காட்டில் இறங்கின. ஆள் வைத்துத் தகரம் தட்டினார், தீவட்டி பிடித்தார். பாதிக் காட்டு வெள்ளாமை போய்விட்டது. ஓட்டு எண்ணி முடித்து, திரும்ப வாங்க வந்தபோது போல்ட்டை இழுத்துப் பார்த்தார். வேலை நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு, ரைஃபிளைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

போகும்போது கேட்டார்: "சர்க்கார் சொல்லுச்சுன்னு நான் துப்பாக்கியக் குடுத்தேன். பன்னி அது பல்ல எங்கன கொண்டுபோய்க் குடுத்துச்சு தம்பி?"

இரண்டு கை

சிவகாசிப் பக்கம் ஒரு வெடி கம்பெனியில் மாடசாமி என்று ஒரு காவலாளி. பட்டாளத்தில் இருந்து வந்தவர். கம்பெனிக்குச் சொந்தமான ரைஃபிளோடு வாசலில் நிற்பார். அதை எடுத்துக்கொண்டு உள்ளே போகக்கூடாது. மருந்து அறைப் பக்கம் இரும்பே ஆகாது. ஆனால் மருந்துத் தூசி வாசல்வரை வரும். மழைக்காலத்தில் அது பட்டால் எந்த நீலமும் தாங்காது. அதனால் வருஷாவருஷம் ஐப்பசி, கார்த்திகை முடிந்ததும் எங்களிடம் கொண்டுவருவார்.

ஒரு வருஷம் மார்கழிக்கு முன்பே, தனியாக வந்தார். இரண்டு முன்கையிலும் கட்டு. துப்பாக்கியைக் கக்கத்தில் இடுக்கியிருந்தார். ஒரு பக்கம் முழுக்கச் செந்துரு, மண், மேலே புகைக் கரி. பின்கட்டையில் ஒரு கீறல். கம்பெனியில் தீப்பிடித்த விஷயம் எங்களுக்கும் தெரியும். அவரே சொன்னார். சத்தம் கேட்டதும் துப்பாக்கியை நின்ற இடத்திலேயே போட்டுவிட்டு ஓடியிருக்கிறார். மூச்சு முட்டுகிற புகைக்குள் போய் திரி சுற்றுகிற பெண் ஒருத்தியைத் தூக்கிக்கொண்டு வந்தார். திரும்பப் போய் இன்னொருத்தியை. முதல் பெண் பிழைத்துக்கொண்டாள். அடுத்தவள் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே போய்விட்டாள். துப்பாக்கி தீ அணைத்த தண்ணீரில் இரண்டு நாள் கிடந்திருக்கிறது.

ஆறுமுகம் கட்டையைச் சரி பண்ணினார். நான் துருவை எடுத்து, அடியிலிருந்து நீலம் போட்டேன். இரும்பில் சின்னச் சின்னக் குழிகள் விழுந்திருந்தன, அவை போகாது. மாடசாமி வேலை முடியும்வரை தினமும் வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். இவ்வளவு அவசரம் எதற்கு, கை ஆறினபின் வரக்கூடாதா என்று முதலாளி கேட்டார்.

மாடசாமி கட்டுப் போட்ட கைகளைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "கம்பெனி ஆயுதத்தத் தரையில போட்டது எதுக்குன்னு மானேசர் விளக்கம் கேக்காக. பொம்பளப் பிள்ளையத் தூக்க ரெண்டு கையும் வேண்டியிருந்துச்சுன்னு சொன்னேன், அவுகளுக்கு வெளங்கல."

இத்தனை வருஷம் துப்பாக்கிகளோடேயே வாழ்ந்தும் நான் ஒன்றைக்கூடச் சுட்டதில்லை, ஆனால் அந்தக் கொதிதண்ணீர்த் தொட்டி என்னைச் சுடாத நாளே கிடையாது.